மழைக்கு ஏற்ற பிடி

நுவரெலியா
11.08.1996

அன்புள்ள மச்சான் அழகுமுத்து அவர்களுக்கு, சங்கிலி எழுதிக்கொள்வது.

நானும் உங்கள் தங்கச்சி வெள்ளையம்மாவும் இங்கே சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? கொட்டாஞ்சேனை வெக்கையில் இருமல் எங்கிருந்து வருகிறது என்று வெள்ளையம்மா கேட்கிறாள். அதை அண்ணனின் பீடிக்கட்டிடம் கேட்கச் சொன்னேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒக்டோபர் 19ஆம் திகதி உங்கள் கொழும்பு கிளப்பில் ஒரு கோல்ஃப் போட்டி வைக்கிறார்கள். துரைமாருக்கு இல்லை, அவர்களுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கும் எங்களைப் போன்ற கெடிகளுக்கு. எங்கள் கிளப்பில் இருந்து நாலு பேர். என் பெயரும் இருக்கிறது. ஜெயிக்கிறவனை உங்கள் கிளப்பிலேயே விளையாட்டுப் பழக்கிக் கொடுக்கும் ஆளாக எடுப்பார்களாம், தங்க அறையும் தருவார்களாம். இது உங்களுக்கு முன்பே தெரியும் என்றால், சொல்லாமல் இருந்ததற்குத் தனியாகச் சண்டை பிடிப்பேன்.

தைப்பொங்கலுக்கு முன்னே பின்னே பிள்ளை பிறந்துவிடும். தோட்டத்து லயத்தின் ஒழுகுகிற ஒற்றைக் காம்பராவில் அது வளரக் கூடாது என்று வெள்ளையம்மா ஒற்றைக் காலில் நிற்கிறாள். எனக்கும் அதே ஆசைதான். பதினைந்து வருடம் அடுத்தவன் பையைத் தூக்கியாகிவிட்டது, மச்சான். இப்படி ஒரு வழி இன்னொரு முறை வராது.

ஆனால் மட்டைகளின் பிடிதான் காலை வாருகிறது. நான் பை தூக்கிய டாக்டர் ஐயா ஊரை விட்டுப் போகும்போது கொடுத்த ஏழு மட்டைகள்தான் என் சொத்து. அவற்றின் பிடியில் இருக்கும் ரப்பர் காய்ந்து கல்லாகிவிட்டது. போன திங்கட்கிழமை தூறலில் ஓங்கி வீசினேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, மட்டை பறந்துபோய் சைப்ரஸ் மரத்தில் தொங்கியது. அதை இறக்க இரண்டு பேர் ஏறினார்கள். ஒக்டோபரில் கொழும்பிலும் மழைதானே? நீங்கள் பன்னிரண்டு வருடமாக மட்டை பழுதுபார்க்கும் அறையில் இருக்கிறீர்கள். மழையில் கையை விடாத பிடி எது என்று எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
சங்கிலி


கொட்டாஞ்சேனை
24.08.1996

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, அழகுமுத்து எழுதுவது.

கடிதம் கிடைத்தது. இருமல் இருக்கிறது, பீடியும் இருக்கிறது. வெள்ளையம்மாவைப் பாரம் தூக்க விட வேண்டாம்.

போட்டியைப் பற்றி எனக்குத் தெரியும். உங்கள் பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம்.

பிடி மூன்று வகை. வழவழப்பான ரப்பர் பிடி கைக்குச் சுகம், ஆனால் ஈரம் பட்டால் மீன் மாதிரி வழுக்கும். அதை மறந்துவிடுங்கள். தோல் சுற்றிய பிடி பார்க்க அழகு, பழைய துரைமார் இன்னும் அதைத்தான் கேட்கிறார்கள். ஒரு மழையில் ஊறிவிட்டால் இரண்டு நாள் காயாது. மூன்றாவது நூல் பிடி. ரப்பரோடு பருத்தி நூலைச் சேர்த்துச் செய்தது, தொட்டால் சொரசொரக்கும். மழைத் தண்ணீரை அந்த நூல் குடித்துவிடும், கை நகராது. புதிதாகப் பிடிப்பவனுக்குத் தோல் உரியும். உங்கள் கையில் உரிய என்ன இருக்கிறது? நூல் பிடியே போடுங்கள். கொழும்பில் மழை பெய்யாவிட்டாலும் வியர்வை பெய்யும், அதற்கும் அதுதான் சரி.

இங்கே கொண்டுவந்தால் நானே மாற்றித் தருவேன் என்று எழுத ஆசை. ஆனால் கெடிகளின் மட்டை எங்கள் அறைக்குள் வரக் கூடாது என்பது சட்டம். என்னை நிரந்தரமாக்கும் தாள் இப்போதுதான் செயலாளர் மாத்தயாவின் மேசைக்கு வந்திருக்கிறது. இந்த நேரத்தில் ஒரு பேச்சு வேண்டாம். அலமாரியில் யாரும் தொடாத ஒரு பழைய பெட்டி நூல் பிடி இருந்தது. அதில் ஏழு பிடிகளை எடுத்து மாளிகாவத்தை பௌஸி நானாவின் மரக்கறி லொறியில் அனுப்புகிறேன். கேட்டு எடுக்கவில்லை. வெளியே சொல்ல வேண்டாம்.

பழைய பிடியை பிளேட்டால் கீறி எடுங்கள். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றி, பிடிக்குள்ளும் டேப் மேலும் பெற்றோல் ஊற்றி, ஒரே மூச்சில் தள்ளுங்கள். யோசித்து நின்றால் பாதியில் இறுகிவிடும்.

ஜூலையில் ரயிலில் குண்டு வெடித்த பிறகு இங்கே ஒவ்வொரு சந்தியிலும் சோதனை. வரும்போது அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும்.

அழகுமுத்து


நுவரெலியா
09.09.1996

அன்புள்ள மச்சானுக்கு, சங்கிலி.

இங்கே எல்லோரும் நலம். பிள்ளை உதைக்கிறதாம். வெள்ளையம்மா உங்களிடம் சொல்லச் சொன்னாள்.

பௌஸி நானா பிடிகளைக் கொண்டுவந்து தந்தார். அவருடைய லொறிக்குப் பக்கத்தில் நிற்கும் வேனிலிருந்தே கொஞ்சம் பெற்றோலும் எடுத்துத் தந்தார். ஏழாம் நம்பர் மட்டைக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். சொரசொரப்பு அருமை, வாளித் தண்ணீரில் முக்கி வீசினேன், அசையவில்லை. ஆனால் மச்சான், இது என்ன தடி! லீக்ஸ் கட்டைப் பிடித்த மாதிரி இருக்கிறது. விரல் சுற்றி வரவே மாட்டேன் என்கிறது. எனக்கு இருப்பதோ சின்னக் கை. பன்னிரண்டு வருட அனுபவம் இதுதானா என்று வெள்ளையம்மா கேட்கிறாள், நான் கேட்கவில்லை.

மற்ற ஆறையும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?

சங்கிலி


கொட்டாஞ்சேனை
22.09.1996

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் சுகம். தங்கச்சி சொல்வது சரிதான், தவறு என்னுடையது. யாரும் வருவதற்குள் எடுக்க வேண்டும் என்ற அவசரத்தில் பெட்டியின் நம்பரைப் பார்க்கவில்லை. அது மூட்டுவலி வந்து விரல் மடங்காத வயசாளிகளுக்குப் போடுகிற தடித்த பிடி. அதனால்தான் யாரும் தொடாமல் கிடந்திருக்கிறது.

அளவு பார்க்கும் வழி இதுதான். இடது கையால் மட்டையைப் பிடியுங்கள். நடுவிரலும் மோதிர விரலும் சுற்றி வந்து உள்ளங்கைச் சதையை லேசாகத் தொட வேண்டும். தொடாவிட்டால் பிடி தடிப்பு. குத்தினால் மெலிவு. உங்கள் கைக்குச் சரியான ஏழு பிடிகளை இப்போது எடுத்து வைத்துவிட்டேன்.

இவற்றை அனுப்பப் போவதில்லை. போட்டி சனிக்கிழமை. நீங்கள் 17ஆம் திகதி வியாழக்கிழமையே வந்துவிடுங்கள். என் அறையில் வைத்து இரண்டு பேருமாக மாற்றுவோம், ஒரு நாள் காய நேரம் இருக்கும். வரும்போது ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் கொண்டு வாருங்கள். இங்கே பெற்றோல் ஷெட்டில் போத்தலில் ஊற்ற மாட்டார்கள். கிளப்பில் எங்கள் வேலை அறையில் இதற்கென்றே ஒரு தகரம் தின்னர் இருக்கிறது, எடுத்தால் எதற்கென்று சொல்ல வேண்டும். பிரிக்காத ஆறு பிடிகளையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். கிளப்பின் லேபல் ஒட்டியிருக்கிறது, பெட்டியில் திரும்ப வைக்க வேண்டும்.

பஸ்ஸில் இருந்து இறங்கி என் அறைக்கு வரும் வழியைப் பின்பக்கத்தில் படம் போட்டு, முகவரியும் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.

அழகுமுத்து


நுவரெலியா
09.10.1996

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம். 17ஆம் திகதி காலை பஸ்ஸில் வருகிறேன். ஏழு மட்டை, ஆறு பிடி, டேப் எல்லாம் கட்டியாகிவிட்டது. பௌஸி நானா இருமல் மருந்துப் போத்தல் ஒன்றில் பெற்றோல் தந்தார். யாராவது கேட்டால் மச்சானின் இருமலுக்கு என்று சொல்லிவிடலாம். உங்களுக்கும் பொருத்தம்தான்.

வெள்ளையம்மா முருங்கைக்காய் வாங்கிச் சமைத்து வைக்கச் சொல்கிறாள். நேரில் பேசுவோம்.

சங்கிலி


நுவரெலியா
27.10.1996

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கச்சி வெள்ளையம்மா எழுதிக்கொள்வது.

நான் சுகம். நீங்களும் அவரும் சுகமா?

அவர் போய்ப் பத்து நாளாகிறது. ஒரு தந்தி கூட இல்லை. இங்கிருந்து போன மற்ற மூன்று பேரும் கிளப் வேனில் போய் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார்கள். அவர் அங்கே வரவே இல்லை என்கிறார்கள். நான் நம்பவில்லை. அண்ணன் கூடத்தானே இருந்தார், எப்படி வராமல் இருப்பார்? உங்கள் அறையில் காய்ச்சலில் படுத்துவிட்டாரா? சரியான மழை என்றும் சொன்னார்கள்.

ஜெயிக்காவிட்டால் பரவாயில்லை என்று சொல்லுங்கள். வெட்கப்பட்டு அங்கே உட்கார்ந்திருந்தால் பஸ் ஏற்றி விடுங்கள்.

இந்தக் கடிதம் கண்டதும் பதில் போடவும்.

வெள்ளையம்மா


கொட்டாஞ்சேனை
05.11.1996

அன்புள்ள தங்கச்சிக்கு, அண்ணன் எழுதுவது.

எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நீ உட்கார்ந்துகொண்டு வாசி. மாப்பிள்ளையை வரும் வழியில் பிடித்துவிட்டார்கள். பஸ்ஸைச் சோதனை போட்டபோது பெற்றோல் போத்தலும் இரும்பு மட்டைகளும் கையில் இருந்திருக்கின்றன. கொழும்பில் ஒரு பொலிஸில் வைத்திருக்கிறார்களாம். உயிரோடு இருக்கிறார், அது நிச்சயம்.

வியாழக்கிழமை நான் பொழுது சாயும் வரை அறையில் காத்திருந்தேன். சோறும் முருங்கைக்காய்க் கறியும் அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை பொலிஸில் இருந்து கிளப்புக்கு டெலிபோன் பண்ணிக் கேட்டிருக்கிறார்கள். அன்று நான் லீவு. சனிக்கிழமைதான் கேள்விப்பட்டேன்.

போட்டி அன்று விடாத மழை. பாதிப் பேருக்கு மட்டை கையில் நிற்கவில்லை. ஒருகொடவத்தையில் இருந்து வரும் இப்றாஹிம் என்ற கெடி ஜெயித்தார். மாப்பிள்ளை விளையாடியிருந்தால் என்ற யோசனை எனக்கு வராமல் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளையை நினைத்துக்கொள்.

அழகுமுத்து


நுவரெலியா
19.11.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் இருக்கிறேன்.

தோட்டத் தலைவரிடம் போனேன், கொழும்புக்கு எழுதுவதாகச் சொன்னார். தோட்டத்துத் துரையிடம் போனேன், அவர் கிளப்பில் பேசுவதாகச் சொன்னார். இங்கே கெடி மாஸ்டர், "அவன் மட்டை தூக்குறவன்னு நான் சொல்லலாம், பெற்றோல் எதுக்குன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?" என்று கேட்டார். பிடி மாட்ட என்று சொன்னேன். சிரித்தார். கொழும்புக்கு மட்டை கொண்டுபோகிறவன் பெற்றோலும் கொண்டுபோவானா என்றார்.

எதற்காகக் கொண்டுபோனார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவ்வளவு தூரம் வர முடியாது. நீங்கள் உங்கள் பெரியவரிடம் போய், இது என் தங்கச்சி புருஷன், நான்தான் பெற்றோல் கொண்டுவரச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் டெலிபோனில் சொல்லிவிடுவாரே. பன்னிரண்டு வருடம் வேலை செய்த ஆளின் பேச்சை நம்ப மாட்டாரா?

பதில் உடனே வேண்டும்.

வெள்ளையம்மா


கொட்டாஞ்சேனை
12.01.1997

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ எழுதிய கடிதமும் அதற்குப் பிறகு போட்ட இரண்டு தபால் அட்டையும் கிடைத்தன. காய்ச்சலாகக் கிடந்தேன், அதனால் பதில் சுணங்கிவிட்டது. நாளை மறுநாள் பொங்கல். உன்னால் பொங்க முடியாது, நானும் பொங்கவில்லை.

வெள்ளவத்தையில் நமசிவாயம் என்று ஒரு வக்கீல் ஐயா இருக்கிறார். யாழ்ப்பாணத்து ஆள், கிளப்பிலும் சில பேரைத் தெரியும். அவரைப் போய்ப் பார்த்தேன். விபரம் எல்லாம் கேட்டுவிட்டு, "தம்பி, இதில பெரிய வழக்கு ஒண்டும் இல்லை. எனக்கு இவரைத் தெரியும், பெற்றோல் இன்னதுக்குத்தான் கொண்டந்தவர் எண்டு ஒராள் வந்து கையெழுத்து வைச்சாக் காணும், மிச்சத்தை நான் கதைப்பன்" என்றார். நல்ல மனுஷர். தேத்தண்ணீரும் தந்தார்.

கிளப்பில் அப்படிக் கையெழுத்து வைக்க யாரும் முன்வருவதாகத் தெரியவில்லை. கொட்டாஞ்சேனையில் போன வாரம் வீடு வீடாகப் பார்த்தார்கள். என் அறையில் இருந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். இங்கே நிலைமை அப்படி. பொறுமையாக இரு.

வக்கீல் ஐயாவின் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அழகுமுத்து


நுவரெலியா
02.02.1997

அண்ணனுக்கு,

பெண் பிள்ளை. பதினாறாம் திகதி பிறந்தது. இரண்டு பேரும் சுகம்.

கிளப்பில் யாரும் முன்வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள், அண்ணன்?

நேற்று பௌஸி நானா வந்தார். மூன்று மாதமாக இந்தப் பக்கம் லொறி வரவில்லை. வாசலிலேயே நின்று, "தங்கச்சி, பெற்றோல் குடுத்த நான். எனக்கும் பயந்தான், அதுக்குத்தான் வராம இரிந்த. நோன்பும் வெச்சிக்கிட்டு இனி ஒளிய ஏலா" என்று அழுதார். பிள்ளையைப் பார்த்தார். வக்கீலின் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அவருக்கும் வீட்டில் நாலு பிள்ளைகள். அவர் மனைவி ருக்கியா தடுத்தும் கேட்கவில்லையாம்.

எனக்கு ஒன்றுதான் கேட்க இருக்கிறது. உங்களுக்கு என் புருஷனைத் தெரியும்தானே?

வெள்ளையம்மா


நுவரெலியா
09.03.1997

அன்புள்ள மச்சானுக்கு, சங்கிலி எழுதுவது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? காய்ச்சல் விட்டதா?

வீட்டுக்கு வந்து இரண்டு கிழமையாகிறது. பௌஸி நானா கையெழுத்து வைத்து, வக்கீல் ஐயா பேசி, நாலு மாதத்துக்குப் பிறகு வெளியே விட்டார்கள். மகள் என்னைப் பார்த்து அலறுகிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, என் முகம் அப்படி இருக்கிறது.

வெள்ளையம்மா உங்கள் மேல் கோபமாக இருக்கிறாள். உங்கள் கடிதங்களை எல்லாம் வாசிக்கத் தந்தாள். நான் அவளைத்தான் ஏசினேன். பயம் யாருக்கு இல்லை? நீங்கள் வந்திருந்தால் இரண்டு பேர் உள்ளே இருந்திருப்போம், வேறொன்றும் நடந்திருக்காது. அதைப் பற்றி மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஒருகொடவத்தையில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் நின்றபோதுதான் சட்டைப் பையில் உங்கள் கடிதம் இருப்பது ஞாபகம் வந்தது. உங்கள் பெயர், முகவரி, வழி, பெற்றோல் கொண்டு வா என்று வேறு எழுதியிருக்கிறது. இதைப் பார்த்தால் நேரே உங்கள் அறைக்குத்தானே போவார்கள், நிரந்தரமாக்கும் தாள் என்னவாகும் என்று நினைத்தேன். சுருட்டி வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டேன். இரண்டு பக்கம், படமும் சேர்த்து. இனிமேல் சுருக்கமாக எழுதுங்கள், மச்சான்.

போத்தலைக் கேட்டபோது இருமல் மருந்து என்றேன். பொலிஸ்காரர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் யாரும் நம்பவில்லை. அந்தக் கடிதத்தைக் காட்டியிருந்தால் அன்று பின்னேரமே விட்டிருப்பார்கள் என்று வக்கீல் ஐயா இப்போது சொல்கிறார். எனக்கு அந்த நேரம் அப்படித் தோன்றவில்லை.

கொழும்பில் யாரிடம் வந்தாய் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தன்னே நே, தெரியாது, யாரையும் தெரியாது என்று சிங்களத்தில் அதை மட்டும் சொன்னேன். உன் பிடிகளின் லேபலில் இருக்கும் கிளப்பிலும் கேட்டுவிட்டோம், அங்கேயும் உன்னை ஒருவனுக்கும் தெரியாதாம் என்றார்கள். அதைக் கேட்டபோது எனக்குப் பெரிய நிம்மதி. நல்லவேளை, மச்சான் அன்றைக்கு லீவு, அவர் காதில் விழவில்லை, விழுந்திருந்தால் ஓடி வந்து மாட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு விஷயம். இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் பாதிதான் மடங்குகின்றன. கையை மேசையில் வைக்கச் சொன்னார்கள், அதைப் பற்றி எழுதப் பிடிக்கவில்லை. மட்டைகளைத் திருப்பித் தந்துவிட்டார்கள். போன திங்கள் மெதுவாக எடுத்துப் பார்த்தேன். ஆறு மட்டை கையில் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. ஏழாம் நம்பர் மட்டும் நின்றது. நீங்கள் மாற்றி அனுப்பிய அந்தத் தடித்த பிடி. விரல் முழுக்கச் சுற்றி வரத் தேவையில்லை, பார்த்தீர்களா. மழைத் தூறலிலும் நின்றது.

அந்தப் பெட்டியில் இன்னும் ஆறு கிடைத்தால் அனுப்ப முடியுமா? போட்டிக்கு இல்லை. வெறும் கையோடு இருக்க முடியவில்லை.

உங்கள் சங்கிலி


கொட்டாஞ்சேனை
30.03.1997

மாப்பிள்ளை சங்கிலிக்கு, அழகுமுத்து எழுதுவது.

காய்ச்சல் இல்லை. ஜனவரியிலும் காய்ச்சல் இருக்கவில்லை. உங்கள் கடிதம் வந்து பத்து நாளாக அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போய் வருகிறேன்.

பௌஸி நானாவிடம் ஆறு பிடி கொடுத்திருக்கிறேன். நீங்கள் அன்று கொண்டுவந்த அதே ஆறு. பொலிஸ் கிளப்புக்குத் திருப்பி அனுப்பி, செயலாளர் மாத்தயாவின் அலமாரியில் இருந்தது. இந்த முறை கேட்டு எடுத்தேன். சங்கிலிக்கு வேண்டும், அவர் என் தங்கச்சியின் புருஷன் என்று சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்குத் தெரியாது என்றாயே என்று கேட்டார். ஓம், சொன்னேன் என்றேன்.  பொட்டலங்களை என் பக்கம் தள்ளிவிட்டார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கு நான் லீவு இல்லை, மாப்பிள்ளை.

வெள்ளிக்கிழமை காலை, நல்ல மழை. நீங்கள் பஸ்ஸைத் தவறவிட்டுப் பிந்தி வருவீர்கள் என்று நினைத்து உங்களுக்கு எடுத்து வைத்த ஏழு பிடியையும் பொட்டலமாகக் கட்டிக்கொண்டிருந்தேன். செயலாளர் மாத்தயா எங்கள் வேலை அறைக்கே வந்தார். பொலிஸில் இருந்து லைனில் இருக்கிறார்கள், நம்முடைய லேபலோடு ஒருவனைப் பிடித்திருக்கிறார்கள், சங்கிலி என்று பெயர், உன் ஊர்தானே, தெரியுமா என்றார். நிரந்தரமாக்கும் தாளில் அவர் இன்னும் கையெழுத்து வைத்திருக்கவில்லை. கேட்காமல் எடுத்த பிடி, நான் கொண்டுவரச் சொன்ன பெற்றோல், எல்லாம் ஒன்றாக வந்து கண் முன்னால் நின்றது. தன்னே நே, மாத்தயா என்றேன். நன்றாக யோசித்துச் சொல் என்றார். மறுபடியும் அதையேதான் சொன்னேன். ஒரு பிடி மாட்டுகிற நேரம் கூட ஆகவில்லை. அவர் போய் டெலிபோனில் சொல்லிவிட்டார். நான் அந்த ஏழு பிடியையும் பெட்டியில் போட்டு மூடினேன். நவம்பரில் என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். அதை உங்கள் இரண்டு பேருக்கும் எழுதவில்லை.

ஷெட்டில் ஏன் போத்தலில் பெற்றோல் ஊற்ற மாட்டார்கள் என்று இந்த ஊரில் இருக்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். தின்னர் தகரம் என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருந்தது. அந்த வார்த்தைக்குப் பயந்து உங்களைப் போத்தலோடு பஸ் ஏறச் சொன்னேன். வக்கீல் ஐயா ஒரு ஆள் கையெழுத்து வைத்தால் போதும் என்றபோது அவர் முன்னால் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பேனா மேசையில்தான் இருந்தது.

நீங்கள் என்னைத் தெரியாது என்று சொன்னதும் நான் உங்களைத் தெரியாது என்று சொன்னதும் ஒரே வார்த்தைதான். அதைப் பத்து நாளாக வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். எனக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, மாப்பிள்ளை. கேட்டால் நீங்கள் தந்துவிடுவீர்கள்.

பிடியை மாட்டும்போது ஒரு சுற்று டேப் கூடுதலாகப் போடுங்கள், இன்னும் கொஞ்சம் தடிக்கும், விரலுக்குச் சுகமாக இருக்கும். பௌஸி நானா கூட இருந்து தள்ளித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கடிதத்தையும் மென்று விழுங்கிவிட வேண்டாம். வெள்ளையம்மாவிடம் வாசிக்கக் கொடுங்கள். அவள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. தெரியும் என்று சொல்லுங்கள்.

அழகுமுத்து